அடைமொழி பெயரான கதை: சமஸ்கிருதம் என்னும் சொல்

யாழ்ப்பாணத்தில் பால பண்டித, பண்டித பரீட்சைகளை நடத்தி எத்தனையோ தமிழறிஞரை உருவாக்கிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தின் பெயரைச் சற்று நிறுத்தி வாசித்தால் ஒரு வியப்பு உண்டாகும். தமிழையும் சமஸ்கிருதத்தையும் வளர்ப்பதற்கென்று 1920களின் தொடக்கத்தில் அமைந்த சங்கம் அது. ஆனால் 'தமிழ்' என்ற சொல்லும் அதன் பெயரில் இல்லை, 'சமஸ்கிருதம்' என்ற சொல்லும் இல்லை. தமிழ் என்பதே வடநாட்டார் வாயில் திரமிடம் ஆகிப் பின்னர் திராவிடம் ஆயிற்று என்று மொழியியலாளர் பலர் கொள்வர். அந்தத் திரிந்த வடிவத்தில் தமிழ் அங்கே நிற்கிறது. சமஸ்கிருதமோ அதைப் பேசியவர்கள் தம்மைச் சொல்லிக்கொண்ட 'ஆரியர்' என்ற பெயரால் சுட்டப்படுகிறது. இரண்டு மொழிகளின் வளர்ச்சிக்காக எழுந்த ஓர் அமைப்பு அவ்விரண்டையும் அவற்றின் வழக்கமான பெயர் சொல்லாமலே குறிப்பிட முடிந்தது என்றால், அன்றைய வாசகருக்கு அந்த மாற்றுப் பெயர்கள் எவ்வளவு பழகியிருந்தன என்பது விளங்கும்.

உண்மையில், இந்த மொழிக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பல. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தபோது, அந்த மொழியின் சொல்லை அது வந்த திசையால் குறித்தது. அதிலிருந்து எழுந்த 'வடமொழி' என்ற பெயர் இன்றுவரை நம்மிடம் நிலைத்திருக்கிறது. பேராசிரியர் கா. கைலாசநாதக் குருக்கள் அம்மொழி இலக்கியத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதியபோது நூலுக்கு 'வடமொழி இலக்கிய வரலாறு' என்றுதான் பெயர் வைத்தார். தேவர்களின் மொழி என்ற கருத்தில் 'கீர்வாணம்' என்று புலவர் சிலர் எழுதினர். தென்னாட்டில் அதை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தின் பெயரையே மொழிக்கும் ஏற்றிச் சொன்னவர்கள் உண்டு. இந்தியாவின் தென்கரைக்கு வந்த ஐரோப்பியப் பாதிரிமாரிற் சிலரும் அந்த வழக்கத்தைப் பின்பற்றினர். திசை, இனம், தெய்வம், எழுத்து என்று நாலு பக்கத்தாலும் பெயர் வந்திருக்கிறது. இவற்றுள் எதுவுமே அந்த மொழி தனக்கென்று வைத்துக்கொண்ட பெயர் அன்று.

சமஸ்கிருதம் என்ற அந்தப் பெயரைத் தமிழ் தன் வாய்க்கு ஏற்ப வாங்கிக்கொண்டதற்கும் பழைய சான்று உண்டு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரையில் அருளிய 'மானினேர் விழி மாதராய்' என்ற பதிகத்தில் 'ஆகமத்தொடு மந்திரங்கள் அமைந்த சங்கத பங்கமாப் பாகதத்தொடு இரைத்துரைத்த' என்று ஓர் அடி வருகிறது. சங்கதம் சமஸ்கிருதம், பாகதம் பிராகிருதம் எனப்படும் மக்கள் பேச்சு. ஆகமமும் மந்திரமும் அமைந்த சங்கதத்தைச் சிதைத்துப் பாகதத்தில் உரத்துச் சொல்கிறார்கள் என்று சமணரைப் பற்றிச் சம்பந்தர் கூறுகிறார். சமய வாதத்தின் சூட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், இந்த ஒரே அடியில் இரண்டு மொழிப் பெயர்களும் எதிரெதிராக நிற்பது நமக்கு மிகவும் முக்கியமானது. சங்கதம் என்ற பெயரைப் பாகதம் என்ற பெயர் இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது. அதை இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் விரிவாகப் பார்க்கலாம்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் ஊர் வாசிகசாலையில் அடிக்கடி எழும் ஒரு வாதம். ஒரு தரப்பார், 'சம்' என்றால் சேர்த்து, 'கிருதம்' என்றால் செய்யப்பட்டது, ஆகவே சமஸ்கிருதம் பல மொழிகளைக் கலந்து செயற்கையாகச் செய்த மொழி, பெயரே அதை ஒப்புக்கொள்கிறது என்பார்கள். மறு தரப்பார், செம்மை செய்யப்பட்டது என்பதே பொருள், ஆகவே அது குற்றமற்ற தேவபாஷை, பிற மொழிகள் அதன் சிதைவுகள் என்பார்கள். இரு தரப்பாரும் ஒரு மொழியின் பிறப்பு வரலாற்றை அதன் பெயரிலிருந்தே கறந்துவிட முயல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் அந்த மொழி பிறந்தபோது வைத்த பெயர் அன்று. அது பேசப்பட்டும் பாடப்பட்டும் ஓதப்பட்டும் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், முதலில் ஓர் அடைமொழியாக வந்து, மெல்ல மெல்லப் பெயராக இறுகியது. நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆனால் இதை விளக்கச் சொல்லின் உள்ளே போக வேண்டும்.

'சம்' என்பது சமஸ்கிருத இலக்கணத்தில் உபசர்க்கம் எனப்படும் முன்னொட்டு. 'ஒருங்கே', 'முழுமையாக', 'நன்றாக' என்ற பொருள்களை அது வினைக்குச் சேர்க்கும். சங்கீதம், சங்கமம், சந்தோஷம், சம்பூரணம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொற்களின் முதலில் இருப்பது இதுவே. இதற்கும் 'ஒத்தது' என்ற பொருளுடைய 'சமம்' என்ற சொல்லுக்கும் இடையில் குழப்பம் வேண்டாம். 'கிருதம்' என்பது செய்தல் என்ற பொருளுடைய 'க்ரு' என்ற வினையடியிலிருந்து பிறந்து 'செய்யப்பட்டது' என்று நிற்கும் வடிவம். காரியம், கருமம், கிருத்தியம், கிருதி ஆகியவை எல்லாம் அதே அடியின் பிள்ளைகள். ஆக, சம் என்பதையும் கிருதம் என்பதையும் நேரே சேர்த்தால் சங்கிருதம் என்பது போன்ற ஒரு சொல்தான் கிடைக்க வேண்டும். இடையில் உள்ள 'ஸ்' எங்கிருந்து வந்தது?

அந்த ஓர் எழுத்துக்குச் சமஸ்கிருத இலக்கண ஆசிரியரான பாணினி தனியாக விதி செய்திருக்கிறார். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் இருந்த சலாதுரம் என்ற ஊரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் பாணினி, கி.மு. 5ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 4000 சூத்திரங்களில் அமைத்த அட்டாத்தியாயி என்னும் இலக்கண நூலின் 6ஆம் அத்தியாயத்தில், 'சம்', 'பரி' போன்ற முன்னொட்டுகளின் பின்னே 'க்ரு' என்ற அடி 'பூஷணம்', அதாவது அழகுபடுத்துதல், என்ற பொருளில் வரும்போது நடுவே ஸகரம் தோன்றும் என்கிறார். பரிஷ்காரம் என்ற சொல்லில் உள்ள ஷகரமும் இந்த விதியின் விளைவே. அடுத்த சூத்திரம், ஒன்றுகூடுதல் என்ற பொருளிலும் இது நிகழும் என்கிறது. ஆகவே 'ஒருங்கே தொகுக்கப்பட்டது' என்று விளக்குவோரை இலக்கணம் முழுவதுமாகக் கைவிடுவதில்லை. ஆனால் தொகுப்பது வேறு, கலப்பது வேறு. கலவையைக் குறிக்க அந்த மொழியில் வேறு ஓர் அடி, தூவுதல் என்ற பொருளுடைய நெடில் 'க்ரூ', இருக்கிறது. வருணக் கலப்பைக் குறிக்கும் வருணசங்கரம் என்பதில் உள்ள 'சங்கரம்' அதிலிருந்து வந்தது. 'சங்கீர்ணம்' என்பதும் அதிலிருந்தே வந்தது. மிருதங்கம் பழகும் நம் பிள்ளைகள் திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம் ஆகியவற்றின் பின்னர் ஒன்பது எண்ணிக்கையோடு சொல்லும் சங்கீர்ண ஜாதியின் பெயர் அதுதான். கலவை மொழி என்று சொல்ல வேண்டியிருந்தால் அவர்கள் சங்கீர்ணம் என்று சொல்லியிருப்பார்கள். 'கலந்து செய்தது' என்ற விளக்கம் இந்த இடத்தில் விழுந்துபோகிறது.

இனி, இந்தச் சொல்லைப் பாணினியே எங்கே பயன்படுத்துகிறார் என்று பார்த்தால் இன்னும் சுவையான செய்தி கிடைக்கும். அவருடைய சூத்திரங்களில் 'சம்ஸ்க்ருதம்' என்ற சொல் வருகிறது. ஆனால் மொழியின் பெயராக அன்று, சமையலைப் பற்றிய சொல்லாக! ஒரு பாத்திரத்திலோ வேறொன்றிலோ பக்குவம் செய்யப்பட்ட உணவைக் குறிக்கும் விகுதி எது என்று ஒரு சூத்திரம் சொல்கிறது. இன்னொரு பொருளைச் சேர்த்துச் சுவையூட்டப்பட்டதைக் குறிக்கும் விகுதி எது என்று மற்றொரு சூத்திரம் சொல்கிறது. இந்த இரண்டாவது சூத்திரத்துக்கு, ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டில் எழுந்த காசிகை என்னும் உரை தரும் எடுத்துக்காட்டுகள், தயிரால் சுவையூட்டப்பட்ட 'தாதிகம்', இஞ்சியால் சுவையூட்டப்பட்ட 'சார்ங்கவேரிகம்', மிளகால் சுவையூட்டப்பட்ட 'மாரீசிகம்' என்பவை. இவற்றுள் இஞ்சியைக் குறிக்கும் 'சிருங்கவேரம்' என்ற சொல் திராவிட மொழிகளிலிருந்து, நம்முடைய 'இஞ்சி', 'வேர்' ஆகிய சொற்களோடு உறவுடைய ஒரு வடிவத்திலிருந்து, வடக்கே சென்ற சொல் என்று மொழியியலாளர் காட்டியிருக்கிறார்கள். பாளியில் அது 'சிங்கிவேர' என்று இருக்கிறது. சம்ஸ்க்ருதம் என்ற சொல்லுக்கு இலக்கண உரைகாரர் காட்டிய உதாரணத்திலேயே தென்னாட்டு இஞ்சி கிடக்கிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

'சமைத்தல்' என்ற தமிழ்ச் சொல்லை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். சமைத்தல் என்பது அடுப்பிலே உணவாக்குவதை மட்டும் குறித்ததன்று. ஆயத்தம் செய்தல், அமைத்தல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. பெண் சமைந்தாள் என்றால் வளர்ந்து முதிர்ந்தாள் என்று பொருள். இருக்கின்ற ஒன்றை உரிய நிலைக்குக் கொண்டுவருதல் என்ற கருத்து இவற்றில் எல்லாம் ஊடோடுகிறது. சமஸ்கிருதம் என்ற சொல்லுக்கு ஒரு நல்ல தமிழ் விளக்கம் வேண்டுமென்றால் 'பக்குவப்படுத்தப்பட்டது' என்று சொல்வேன். பக்குவம் என்பதும் 'வெந்தது', 'பழுத்தது' என்ற பொருளுடைய 'பக்வ' என்ற வடசொல்லின் தமிழ் வடிவமே. ருக்வேதத்தின் 8ஆம் மண்டலத்தில் இந்திரனைப் போருக்கு 'சம்ஸ்க்ருதன்' என்று பாடும் இடத்திலும் போருக்கு ஆயத்தமாக்கப்பட்டவன் என்பதே பொருள்.

காசிகை உரை, உணவைப் பற்றிய அந்த இடத்தில், 'சதஹ உத்கர்ஷாதானம் சம்ஸ்காரஹ' என்று ஒரு வரையறையும் சொல்லிவைக்கிறது. ஏற்கெனவே இருக்கின்ற ஒன்றுக்கு மேன்மையை ஏற்றுவதே சம்ஸ்காரம் என்பது அதன் கருத்து. இந்த நாலு சொல் வரையறையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இல்லாததை உண்டாக்குவது சம்ஸ்காரம் ஆகாது. அரிசி இருக்க வேண்டும், மரக்கறி இருக்க வேண்டும். அதன் பிறகே பக்குவம். மொழிக்கு இந்தச் சொல் வந்தபோதும் அப்படியே. இருந்த ஒரு பேச்சு, வழுக்களைந்து ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதே அந்தப் பெயர் சொல்வது.

சம்ஸ்காரம் என்ற சொல் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கருவுற்ற நாள் முதல் இறப்பு வரை மனித வாழ்வின் படிகளில் செய்யும் கிரியைகளுக்குச் சம்ஸ்காரம் என்றுதான் பெயர். அவற்றை 16 என்று எண்ணும் வழக்கமும் உண்டு. அவற்றுள் கடைசியானதை நாம் எல்லோரும் நேரிலே கண்டிருப்போம். இறந்தவருக்காக 31ஆம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி செய்யும்போது, ஈர வேட்டியோடு இருந்த ஓர் இளைஞன், தர்ப்பையை விரலில் மாட்டிவிட்ட குருக்களிடம் "அந்தியேட்டி எண்டால் என்ன கருத்து ஐயா?" என்று கேட்டதை ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தேன். "அந்த்ய இஷ்டி, தம்பி. கடைசி வேள்வி" என்று சொல்லிவிட்டு அவர் மந்திரத்தைத் தொடர்ந்தார். அந்த்ய என்பதன் இறுதி அகரமும் இஷ்டி என்பதன் முதல் இகரமும் சேர்ந்து ஏகாரமாகி, அந்த்யேஷ்டி என்பது நம் வாயில் அந்தியேட்டி ஆயிற்று. அங்கே ஓதப்பட்ட மொழியின் பெயரும், ஓதி முடித்த கிரியையின் பொதுப்பெயரும் ஒரே அடியில் பிறந்தவை என்பது பக்கத்தில் இருந்த எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! கிரியை மனிதனைப் பக்குவப்படுத்துகிறது, இலக்கணம் பேச்சைப் பக்குவப்படுத்துகிறது என்ற ஒரே எண்ணம் இரண்டின் அடியிலும் இருக்கிறது.

சரி, பாணினி தாம் இலக்கணம் வகுத்த மொழியை என்ன பெயரால் அழைத்தார்? 'பாஷா' என்றார், அதாவது பேசுவது. வேதப் பாடல்களின் மொழியை 'சந்தஸ்' என்று அதிலிருந்து பிரித்துச் சொன்னார். ஒரு வடிவம் பாஷையில் மட்டும் வரும், மற்றொன்று சந்தஸில் மட்டும் வரும் என்று அவருடைய சூத்திரங்கள் பல இடங்களில் குறிக்கின்றன. தமக்குத் தெரிந்த பேச்சுக்கு ஒருவர் தனிப்பெயர் தேட வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. அது வெறுமனே 'பேச்சு'தான். பிக்குகளின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த பௌத்த விநயத்திலும் இதே நிலை. பிராமண குலத்தில் பிறந்த இரு பிக்குகள் புத்தருடைய போதனைகளைச் 'சந்தஸ்' வடிவில் மாற்றிவைக்கலாமா என்று கேட்டதாகவும் அவர் அதை மறுத்ததாகவும் அங்கே ஒரு நிகழ்ச்சி வருகிறது. அந்த இடத்திலும் சமஸ்கிருதம் என்ற பெயர் இல்லை. திருநாவுக்கரசர் சிவபுரத்துப் பதிகத்தில் 'வடமொழியும் தென்தமிழும் மறைகள் நான்கும் ஆனவன் காண்' என்று பாடுகையில் வடமொழியையும் மறைகளையும் வேறுவேறாக எண்ணுவதை இதனோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. பாணினி வைத்த பிரிவின் நிழல் அதிலும் விழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பாணினியின் இலக்கணத்துக்கு மகாபாஷ்யம் என்னும் பேருரை எழுதிய பதஞ்சலியின் காலத்துக்கு வந்தால், பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் பெயர் பிறப்பதற்கான சூழல் வந்துவிட்டது. பசுவைக் குறிக்கும் 'கௌஹ்' என்ற ஒரே சரியான சொல்லுக்கு எதிரே காவீ, கோணீ, கோதா, கோபோதலிகா என்று பல பிழை வடிவங்கள் மக்களிடையே வழங்குகின்றன என்று அவர் எழுதுகிறார். சரியானது 'சப்தம்', பிழையானது 'அபசப்தம்'. அவர் காதில் இரண்டு பேச்சுகள் விழுந்துகொண்டிருந்தன. ஒன்று கற்றோர் பேச்சு, மற்றது தெருப்பேச்சு. இந்த இடைவெளி அகன்ற பிறகே ஒன்றுக்குப் 'பக்குவப்பட்டது' என்ற அடைமொழி தேவைப்பட்டது.

இதை வைத்துக்கொண்டு இலக்கணக்காரர் கூடி ஒரு மொழியைச் செய்தார்கள் என்று முடிவு கட்டுவோருக்கு, அதே பதஞ்சலி இரண்டு மறுமொழிகள் வைத்திருக்கிறார். குடம் வேண்டுகிறவன் குயவன் வீட்டுக்குப் போய், ஒரு குடம் செய்து தா, எனக்கு வேலை இருக்கிறது என்பான். சொல் வேண்டுகிறவன் அப்படி இலக்கணப் புலவன் வீட்டுக்குப் போய், சில சொற்கள் செய்து தா, பேச வேண்டும் என்று கேட்பதில்லை. பொருளை நினைத்த அளவில் மக்கள் சொல்லை ஆள்கிறார்கள் என்கிறார். மற்றது ஒரு தேர்ப்பாகன் கதை. இந்தத் தேரின் 'ப்ரவேதா', அதாவது ஓட்டுகிறவன், யார் என்று ஓர் இலக்கணப் புலவர் கேட்கிறார். நான்தான் இந்தத் தேரின் 'ப்ராஜிதா' என்கிறான் பாகன். அது பிழைச்சொல் என்கிறார் புலவர். தாங்கள் விதி எங்கே பொருந்தும் என்பதை அறிந்திருக்கிறீர்கள், வழக்கில் எது கொள்ளப்படுகிறது என்பதை அறியவில்லை என்று பாகன் திருப்பிச் சொல்கிறான். பதஞ்சலி பாகனின் பக்கமே நிற்கிறார். தேர் ஓட்டுகிறவன் புலவரைத் திருத்தக்கூடிய மொழி ஒன்று ஏட்டிலே செய்து எடுக்கப்பட்ட மொழியாக இருக்க முடியாது. பிற்காலத்தில் அது பள்ளியில் கற்றே அடைய வேண்டிய மொழியாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் அது அதன் முதுமையின் நிலை, பிறப்பின் நிலை அன்று.

'சம்ஸ்க்ருத' என்ற அடைமொழி பேச்சைச் சேர்ந்து நிற்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்றைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. காட்சி இலங்கையிலேயே நடக்கிறது. வான்மீகி இராமாயணத்தின் சுந்தர காண்டத்தில், அசோக வனத்து மரக்கிளையில் மறைந்திருக்கும் அநுமன், கீழே இருக்கும் சீதையோடு எந்த மொழியில் பேசுவது என்று யோசிக்கிறான். 'துவிசாதியை (இருபிறப்பாளனை)ப் போல சம்ஸ்க்ருதமான வாக்கைப் பேசினால், சீதை என்னை இராவணன் என்று எண்ணி அஞ்சிவிடுவாள்' என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். பேசுகிறவன் யார் என்பதை அவன் சொல்லின் பக்குவமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற அச்சம் அது. இந்த இடத்தில் சொல்லின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். 'வாக்' என்ற பெண்பாற் பெயருக்கு அடையாக 'சம்ஸ்க்ருதா' என்றே அது நிற்கிறது. 'சமஸ்கிருதம் என்னும் மொழி' என்று நூல் சொல்லவில்லை, 'பக்குவப்பட்ட வாக்கு' என்கிறது. பின்னர் வந்தவர்கள் 'வாக்கு' என்பதை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும், ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத நபுஞ்சகலிங்கத்தில், பெயராக வைத்துக்கொண்டார்கள். 'செந்தமிழ்' என்பதில் தமிழ் என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்து 'செம்மை' என்பது மட்டும் நம் மொழியின் பெயராக நின்றுவிட்டது என்று கற்பனை செய்து பார்த்தால், நடந்தது என்ன என்று விளங்கும்.

அடைமொழிக்கு எதிர்மொழி ஒன்று இருந்தாக வேண்டும். செந்தமிழ் என்றால் கொடுந்தமிழ் இருக்கிறது. சமஸ்கிருதத்தின் எதிர்மொழி பிராகிருதம். பரத முனிவரின் நாட்டிய சாத்திரம், மேடையில் பேசப்படும் உரையைச் சம்ஸ்க்ருதம், ப்ராக்ருதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. வடமொழி நாடகங்களில் அரசனும் அந்தணனும் முன்னதைப் பேச, பெண்டிரில் பெரும்பாலோரும் ஏவலரும் பின்னதைப் பேசுவர். காளிதாசனின் நாடகத்தில் துஷ்யந்தன் ஒரு மொழியில் பேச, சகுந்தலை வேறு மொழியில் மறுமொழி சொல்கிறாள். இருவருக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கும் என்பதே அந்த நாடக மரபின் அடிப்படை.

ஆனால் பிராகிருதம் என்ற பெயருக்கு என்ன பொருள் என்பதில் பழைய இலக்கணக்காரர் தமக்குள்ளேயே மாறுபட்டார்கள். 12ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த சமண ஆசாரியரான ஹேமசந்திரர், 'பிரகிருதி' என்றால் மூலம், அந்த மூலம் சமஸ்கிருதம், அதிலிருந்து வந்தது பிராகிருதம் என்றார். அவருக்கு முன்னே 11ஆம் நூற்றாண்டில் நமிசாது என்ற மற்றொரு சமண உரையாசிரியர், பிரகிருதி என்றால் இயல்பு, எல்லா மக்களுக்கும் இலக்கணப் பயிற்சி இல்லாமல் இயல்பாக வரும் பேச்சே பிராகிருதம் என்றார். 'ப்ராக் க்ருதம்', முன்னே ஆனது, என்றும் சொற்பொருள் காட்டினார். சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் தாயா, இயல்பான பேச்சைத் திருத்திய வடிவமா என்று நம் வாசிகசாலையில் இன்று நடக்கும் சண்டை 900 ஆண்டுகளுக்கு முன்னரே சமண முனிவரிடையில் நாகரிகமாக நடந்து முடிந்துவிட்டது. பாடம் பண்ணுவதற்கு வசதியாகச் சமஸ்கிருத வடிவத்தை முதலில் வைத்து அதிலிருந்து பிராகிருத வடிவத்தைப் பெறும் முறை ஹேமசந்திரருடையது. பெயரின் இயல்பான பொருளுக்கு நமிசாதுவின் விளக்கமே நெருக்கமானது என்பது என் முடிவு. திருத்திய பேச்சு ஒன்று உண்டென்றால், திருத்தாத பேச்சு அதன் பக்கத்தில் எப்போதும் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

அது உயிரோடு இருந்தது மட்டுமன்று, கல்லிலும் பொன்னிலும் முதலில் இடம்பிடித்ததும் அதுவே. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பாறைகளில் வெட்டுவித்தவை பெரும்பாலும் பிராகிருதம். நீளமான சமஸ்கிருத உரைநடைக் கல்வெட்டு என்று சொல்லத்தக்க முதலாவது, குஜராத்தின் ஜூனாகத்தில் ருத்ரதாமன் என்ற சகர் குலத்து மன்னன் கி.பி. 150 அளவில் பொறித்தது. நம்முடைய மண்ணிலும் சான்று உண்டு. 1936ஆம் ஆண்டு வடமராட்சியின் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனம் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் இருக்கிறது. அது கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் அநுராதபுரத்தில் ஆண்ட வசபனின் காலத்தது என்று கொள்ளப்படுகிறது. அதில் உள்ள 'மஹரஜ', 'அமெதெ', 'நகதிவ', 'விஹர' என்ற சொற்களை மகாராஜ, அமாத்ய, நாகத்வீப, விஹார என்ற சமஸ்கிருத வடிவங்களின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமாத்யவின் நடுவிலுள்ள கூட்டெழுத்து எளிதாகியிருக்கிறது. த்வீபத்தின் தொடக்கத்தில் தகரத்தை அடுத்த வகரம் போய், முடிவில் பகரம் வகரமாக நெகிழ்ந்திருக்கிறது. இவ்வாறு நெகிழ்ந்த பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, நெகிழாமல் கட்டிக்காத்த பேச்சு தனியாகத் தெரிந்திருக்கும். அதைக் குறிக்க ஓர் அடைமொழியும் வேண்டியிருந்திருக்கும்.

தெய்வப் பெருமை இதற்குப் பின்னர் வந்தது. காஞ்சியில் பல்லவர் காலத்தில், ஏறத்தாழ 700ஆம் ஆண்டளவில் வாழ்ந்த தண்டி, 'சம்ஸ்க்ருதம் என்பது தைவீ வாக்கு, மகரிஷிகளால் அன்வாக்யானம் செய்யப்பட்டது' என்று தம் காவிய இலக்கணத்தில் எழுதினார். இங்கே அது அடைமொழியாக இல்லை, முழுமையான மொழிப்பெயராகிவிட்டது. தேவபாஷை என்று வாதிடுவோர் இந்த அடியின் முதற்பாதியை எடுத்துக்கொள்வர். அதன் பிற்பாதியையும் படிக்க வேண்டும். 'அன்வாக்யானம்' என்றால் முன்பே உள்ளதைப் பின்தொடர்ந்து விளக்குதல். முனிவர்கள் மொழியைச் செய்தார்கள் என்று தண்டியும் சொல்லவில்லை. மொழி முன்னே, இலக்கணம் பின்னே என்ற பதஞ்சலியின் குயவன் கதைக்கும் காசிகையின் சம்ஸ்கார வரையறைக்கும் இது முற்றிலும் இசைந்து நிற்கிறது. தண்டியின் நூலைத் தழுவியே தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. பிராகிருதச் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசி என்று பிரித்த அதே மரபிலிருந்துதான் நம் இலக்கணப் புத்தகங்கள் வடசொல்லைத் தற்சமம், தற்பவம் என்று பிரிக்கக் கற்றன.

ஒரு மொழியின் பண்பையோ அதன் நூலையோ சொல்லும் சொல் மொழிக்கே பெயராவது இலங்கையில் உள்ளவர்களுக்கு வேறு ஓர் இடத்திலும் தெரிந்த செய்தி. பாளி என்பதும் முதலில் மொழியின் பெயரன்று. உரையிலிருந்து பிரித்து மூல வாசகத்தைக் குறித்த சொல் அது. தேரவாத மரபு அம்மொழியை மாகதி என்றே சொல்லிவந்தது.

யாழ்ப்பாணத்து அறிஞர்கள் இந்த மொழியைப் பெயரை வைத்துப் போற்றவுமில்லை, பெயரை வைத்துத் தள்ளவுமில்லை. நல்லூர் அரசர் குடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரி காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழாக்கினார். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் மேகதூதத்தைத் தமிழ்ச் செய்யுளாகத் தந்தார். புன்னாலைக்கட்டுவன் கணேசையர் வடமொழியும் கற்றவர். அவர் தம் ஆயுளின் சிறந்த உழைப்பைத் தொல்காப்பியத்துக்கு உரைவிளக்கம் எழுதுவதில் செலவிட, அது 1930களில் சுன்னாகத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. இன்று திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இம்மொழிக்கு ஒரு துறை இருக்கிறது. கீரிமலையில் குடிகொண்ட இறைவனை நகுலேசுவரர் என்று வணங்குகிறோம். நகுலம் என்றாலும் கீரிதான். ஊர்ப்பெயர் தமிழில் இருக்க, கோயிற்பெயர் வடமொழியில் இருக்க, இரண்டும் ஒரே விலங்கைச் சொல்லிக்கொண்டு ஒரே கரையில் நிற்கின்றன. எது எதன் மொழிபெயர்ப்பு என்று அடித்துக்கொள்ளாமல் இரண்டையும் நாள்தோறும் சொல்லிவருகிறோம்.

எழுதும் முறையைப் பற்றி ஒன்று. சமஸ்கிருதம், சம்ஸ்கிருதம், சமசுகிருதம், சங்கதம் என்று நால்வகை வடிவங்கள் நம் அச்சில் வருகின்றன. மூலத்தில் 'க்'கை அடுத்து வருவது ரகர உகரமோ ரகர இகரமோ அன்று, 'ரு' போன்று ஒலிக்கும் ஒரு தனி உயிர். தெற்கே அதை உகரச் சாயலோடும் வடக்கே இகரச் சாயலோடும் சொல்கிறார்கள். அதனால்தான் நம் 'கிருதம்' ஐரோப்பியர் வாயில் 'ஸ்கிரிட்' ஆயிற்று. 'வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ, எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே' என்பது தொல்காப்பிய விதி. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வருவதே தமிழில் வழங்கும் வடசொல். அந்த விதிக்கு முழுவதும் அடங்கிய வடிவம் சம்பந்தர் பாடிய சங்கதம்தான். காதுக்கும் இனியது, அச்சுக்கும் எளியது என்பதால் செய்யுளிலும் சொற்பொழிவிலும் நான் அதையே விரும்புவேன். ஆனால் சொல்லின் வரலாற்றை விளக்க வேண்டிய இடத்தில் சமஸ்கிருதம் என்று கிரந்த எழுத்தோடுதான் எழுதுவேன். பாணினி தனிச் சூத்திரம் செய்து 'அழகுபடுத்துதல்' என்ற பொருளுக்காக நடுவில் வைத்த எழுத்து அந்த ஸகரம். சங்கதம் என்று சொல்லும்போது உதிர்ந்துபோவதும் அதுவே.